விரலைக் காட்டிய அணியும் விரலை மறைத்த அணியும்: பழந்தமிழ் இலக்கியத்தில் மோதிர வடிவமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் இலக்கியத்தில் இடம்பெறும் விரலணிகளை மோதிரம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிப் பொருள் கூறுவது இக்கால உரைகளிலும் அணிகலன் ஆய்வுகளிலும் வழக்கமாக உள்ளது. இதனால் அவ்வணிகளின் செய்முறை வேறுபாடும், அவ்வேறுபாடு பாடலின் பொருளில் ஏற்படுத்தும் மாற்றமும் கவனத்திலிருந்து விலகுகின்றன. நெடுநல்வாடை, கலித்தொகை 84ஆம் பாடல், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை ஆகிய மூன்று இடங்களை ஒப்பிடும் இக்கட்டுரை, வளைத்தல், பொறித்தல், கல் கட்டுதல் என்னும் மூன்று செய்முறைகளை வேறுபடுத்திக் காட்டுகிறது. விரலின் அழகைத் தாங்கிய அணி கல்லின் ஒளியைத் தாங்கும் அணியாக மாறுவதையும், அம்மாற்றம் பெண்ணின் உடல் குறித்த கவிதைப் பார்வையோடு இணைந்திருப்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மோதிரம், விளக்கம், முடக்கு மோதிரம், தாள்செறி, கல் கட்டுதல், நெடுநல்வாடை, கலித்தொகை, சிலப்பதிகாரம்

முன்னுரை

தொன்மையான மோதிரம் ஒன்றின் காலத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் கல்லை நோக்குவதில்லை. கல் எவ்வாறு பிடித்து நிறுத்தப்பட்டுள்ளது என்பதையே நோக்குவர். கல் இடம் மாறக்கூடியது. பழைய கல்லைப் புதிய பொன்னிலும், புதிய கல்லைப் பழைய பொன்னிலும் வைக்க இயலும். கல்லைச் சுற்றி எழுப்பிய விளிம்பு, அதன் அடிப்புறம் மூடியிருத்தல் அல்லது திறந்திருத்தல், வளையத்தின் இணைப்பு ஆகியவையே செய்த காலத்தின் தொழில்முறையைக் காட்டும். இந்த அணுகுமுறை அருங்காட்சியகப் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத்தில் வரும் மோதிரத்தையும் அதன் செய்முறை வழியே நோக்கலாம். அவ்வாறு நோக்கும்போது, ஒரே பொருள் தருவனவாகக் கொள்ளப்பட்ட சொற்கள் வெவ்வேறு பொருள் தருவதை உணர முடிகிறது.

அணிகலன் ஆய்வுகளின் குறை

சங்க இலக்கிய அணிகலன்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உறுப்பு அடிப்படையில் அமைகின்றன. தலையணி, காதணி, கழுத்தணி, கையணி, விரலணி, இடையணி, காலணி என வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின்கீழும் நூற்சான்றுகளைத் தொகுப்பது அவற்றின் முறை. சொல்லடைவுப் பணி என்ற வகையில் இது பயனுடையது. ஆயினும் இரண்டு குறைகள் இதில் உள்ளன. ஒன்று, வெவ்வேறு காலத்து நூல்கள் ஒரே தளத்தில் வைக்கப்படுவதால் வடிவமாற்றம் மறைகிறது. மற்றொன்று, அணி பாடலிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதால், அது அவ்விடத்தில் ஏன் வந்தது என்ற வினா எழாமலே போகிறது. தலைவனைப் பிரிந்து துயருறும் அரசியின் விரலணியும், ஊடியிருக்கும் தலைவன் மகிழத் தன்னை ஒப்பனை செய்யும் மாதவியின் விரலணியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டுமே தமிழர் செல்வச் செழிப்பின் சான்றுகளாகிவிடுகின்றன. நெடுநல்வாடையைப் பொறுத்தவரை இம்முடிவு பாடலின் நோக்கத்திற்கு நேர்மாறானது.

நெடுநல்வாடை: வளைத்த அணி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது, நக்கீரர் பாடியது. அதில் அரசியின் தோற்றம் நீக்கப்பட்ட அணிகளின் வழியாகவே வருணிக்கப்படுகிறது. முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது ஆரம் இல்லை. நீண்ட குழைகள் களையப்பட்ட காதில் சிறிய வாயுறை மட்டும் உள்ளது. பொன்தொடி அழுத்திய தழும்புடைய முன்கையில் வலம்புரிச் சங்கு வளையும் காப்பு நூலும் உள்ளன. இவ்வரிசையின் இறுதியிலேயே விரலணி வருகிறது. வாளை மீனின் பிளந்த வாய் போல வளைத்துச் சிவந்த விரலில் இட்ட, செந்நிறம் உடைய விளக்கம் என அது சுட்டப்படுகிறது.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, மோதிரம் என்ற சொல் இங்கு இல்லை. விளக்கம் என்ற சொல்லே உள்ளது. இரண்டாவது, அணியின் செய்முறை வளைத்தல் என்னும் ஒற்றைச் செயலாகக் கூறப்படுகிறது. தகட்டையோ கம்பியையோ மீனின் வாய்ப் பிளவு போல முனை தோன்ற மடக்குவது அச்செயல். உரைமரபில் வழங்கும் முடக்கு மோதிரம் என்ற பெயரும் இதையே உணர்த்துகிறது. இன்றும் தமிழகத்தில் விற்கப்படும் நெளி மோதிரம் இவ்வடிவின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது. மூன்றாவது, கல்லைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. செங்கேழ் என்ற நிற அடை அணியின்மீதே நிற்கிறது. எந்த உலோகம் என்பதைப் பாடல் வெளிப்படையாகக் கூறாவிடினும், செந்நிறம் செம்பொன்னை நினைவூட்டுவது இயல்பு.

சிவந்த விரலில் சிவந்த அணி என்பது இவ்வருணனையின் நுட்பம். விரலின் நிறமும் அணியின் நிறமும் ஒன்றாக இருப்பதால், அணி விரலிலிருந்து தனித்துத் தெரிவதில்லை. அணிகளை எல்லாம் களைந்த பின்னும் ஒருத்தியின் உடலோடு எஞ்சி நிற்கும் அளவுக்கு எளியது அது. தொடி கழன்ற கையில் தழும்பு கிடப்பதுபோல, விரலில் இவ்வணி கிடக்கிறது. இதைச் செல்வத்தின் அடையாளமாகக் காணும் உரை, கவிஞர் ஒவ்வோர் உறுப்பாகக் களைந்து காட்டிய வறுமையைக் காணத் தவறுகிறது.

கலித்தொகை: பொறித்த அணி

மருதக்கலியுள் அமைந்த 84ஆம் பாடலில் மோதிரம் என்ற சொல்லே இடம்பெறுகிறது. பரத்தையர் இல்லம் சென்று திரும்பிய சிறுவனின் கையில் புதிய மோதிரத்தைக் காணும் தாய், அதைக் காட்டுமாறு கேட்கிறாள். நறா மலரின் இதழ் போன்ற செவ்விரலுக்கு ஏற்ப அமைந்த அம்மோதிரத்தில் சுறா எழுதப்பட்டிருக்கிறது. சுறா காமனின் கொடி. இவன் தந்தையின் மார்பில் தன் பொறியை ஒற்றி அவனை ஆள்வதாகப் பரத்தை தனக்கு அறிவிக்கிறாள் என்று தாய் அதற்குப் பொருள் காண்கிறாள்.

இப்பாடலை ஊடல் நயத்திற்குச் சான்றாகக் காட்டுவது மரபு. ஆனால் தாயின் சினத்திற்கு அடிப்படையாக இருப்பது ஒரு தொழில்நுட்பச் செய்தி. பொறித்த மோதிரம் ஒற்றுவதற்குரியது. ஒற்றிய இடம் உரிமை மாறிய இடம். அரக்கிலோ களிமண்ணிலோ முத்திரை பதித்தால் பொருள் யாருக்குரியது என்பது உறுதியாகும். அந்த ஆட்சிமுறை இங்குக் கணவனின் மார்புக்கு மாற்றப்படுகிறது. மோதிரத்தை முத்திரையாக அறியாத வாசகருக்கு இவ்வுருவகம் விளங்காது. எனவே கலித்தொகையின் வாசகர் முத்திரை மோதிரத்தை நன்கு அறிந்தவர் என்பது பெறப்படுகிறது.

தொல்லியல் சான்றுகளும் இதனோடு இயைகின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. ஆணும் பெண்ணும் இணைந்த உருவம் கொண்ட பொன் மோதிரம் ஒன்றும் அங்கிருந்து கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டையின் பெருங்கற்காலப் புதைகுழியில், குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் அமைந்த மோதிர முத்திரை கண்டெடுக்கப்பட்டது. அரிக்கமேட்டிலிருந்து, அகஸ்டஸ் எனக் கருதப்பட்ட மனிதத் தலை செதுக்கிய கல் அறியவந்துள்ளது. பெயர், குறி, உருவம் என மூவகைப் பொறிப்பும் தமிழ் நிலப்பரப்பில் அறியப்பட்டிருந்தன என்பதற்கு இவை சான்று.

மோதிரம் என்ற சொல்லை முத்திரை என்னும் பொருளுடைய முத்ரா என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்தும் கருத்து உண்டு. அக்கருத்தை ஏற்றால், மோதிரம் என்பது தொடக்கத்தில் எல்லா விரலணிக்கும் பொதுப்பெயராக இல்லாமல் பொறிப்புடைய அணிக்குச் சிறப்புப் பெயராக இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. நெடுநல்வாடையின் பொறிப்பற்ற அணி விளக்கம் என்றும், கலித்தொகையின் பொறிப்புடைய அணி மோதிரம் என்றும் பெயர் பெறுவது இவ்வூகத்திற்கு அரண் செய்கிறது.

கடலாடு காதை: கல் கட்டிய அணி

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடற்கோலத்தோடு இருந்த கோவலன் மகிழுமாறு மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். அவள் விரல்களில் மூன்று அணிகள் இடம்பெறுகின்றன. முதலாவது, நெடுநல்வாடை கூறிய அதே வாளைவாய் வடிவம். இரண்டாவது, செந்நிற ஒளி கிளரும் மணி பதித்த மோதிரம். மூன்றாவது, வயிரமும் மரகதமும் அமைந்த தாள்செறி. மரகதத்தை வயிரம் சூழ்ந்த அணி என்று அதற்குப் பொருள் கொள்வர். கல் இல்லாதது, ஒரு நிற மணி உடையது, இருவகைக் கல் உடையது என்ற ஏறுவரிசையில் மூன்றும் அமைந்துள்ளன. ஒரே கையில் மூன்று செய்முறைகள் ஒருங்கே இருப்பது, பழைய வடிவம் அழியாமல் புதிய வடிவங்களோடு சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டுகிறது.

இரண்டு நூல்களுக்கும் பொதுவான வாளைவாய் உவமை, பின்னதில் முன்னதன் எதிரொலி உள்ளதோ என எண்ணச் செய்கிறது. எதிரொலியாயினும் மரபுத்தொடராயினும், நிகழ்ந்துள்ள இரண்டு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவதாக, நெடுநல்வாடையில் விளக்கம் எனப்பட்ட வடிவம் இங்கு மோதிரம் எனப்படுகிறது. பொறிப்பற்ற அணிக்கும் மோதிரம் என்ற பெயர் பரவிவிட்டது. இரண்டாவதாக, செங்கேழ் என்ற அடை இடம்பெயர்ந்துள்ளது. முன்னதில் வளைத்த அணிக்கு உரியதாக இருந்த செந்நிறம், பின்னதில் மணி பதித்த மோதிரத்திற்கு உரியதாகிறது. ஒளியும் நிறமும் உலோகத்திலிருந்து கல்லுக்கு மாறிய வரலாறு இவ்வொரு சொல்லின் இடமாற்றத்தில் பதிவாகியுள்ளது.

இவற்றினும் முதன்மையானது வினைச்சொல்லின் வேறுபாடு. நெடுநல்வாடையில் அணி விரலில் கொள்ளப்படுகிறது. விரல் கண்ணுக்குத் தெரிகிறது. கலித்தொகையில் அணி விரலுக்கு ஏற்ப அமைகிறது. அங்கும் விரலே அளவுகோல். கடலாடு காதையிலோ காந்தள் போன்ற மெல்விரல் மறையுமாறு அணிகள் செறிக்கப்படுகின்றன. விரலைக் காட்டிய அணி விரலை மறைக்கும் அணியாகிறது. மறைக்கப்பட்ட விரலின் இடத்தைக் கல்லின் ஒளி பெறுகிறது.

கல் தனித்து மதிப்பிடப்படும் பொருளாக இக்காப்பியத்தில் இடம்பெறுவதை ஊர்காண் காதையும் உறுதிப்படுத்துகிறது. மதுரையின் மணிக்கடைத் தெருவில் வயிரத்திற்கு நான்கு குற்றங்களும் மரகதத்திற்கு மூன்று குற்றங்களும் நீங்கிய நிலை பேசப்படுகிறது. கல்லின் குற்றம் அறிந்து வாங்கும் சந்தை உள்ள இடத்தில், மோதிரம் கல்லைத் தாங்கும் சட்டமாக மாறுவது எதிர்பார்க்கத்தக்கதே. அக்காலத்து வயிரம் இன்றைய பட்டை தீட்டிய வயிரத்தைப் போன்றதன்று. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமப் பொன் மோதிரங்கள் சிலவற்றில் வெட்டப்படாத எண்முக வயிரப் படிகம் அப்படியே பதிக்கப்பட்டுள்ளது. படிகத்தின் இயல்பான முகங்கள் எறியும் ஒளியே அக்காலத்தின் வயிர ஒளி. மாதவியின் தாள்செறியின் ஒளியையும் இப்பின்னணியில் வைத்தே கற்பனை செய்ய வேண்டும்.

துளையிடலும் பதித்தலும்

கல் பதித்த மோதிரத்திற்கு முன்னிபந்தனை ஒன்று உண்டு: துளையில்லாத கல். மணியை நூலில் கோப்பதற்குத் துளை போதும். உலோகத்தின் உதவி வேண்டியதில்லை. மோதிரத்தில் வைப்பதற்கோ கல்லைச் சூழ்ந்து பிடிக்கும் உலோக விளிம்பு வேண்டும். இவை இரு வேறு தொழில்கள். மதுரைக்காஞ்சி மதுரை நகரின் கைவினைஞரைக் கூறும்போது மணி குயினரைச் சுட்டுகிறது. இதற்கு மணியைத் துளையிடுவோர் என்பது பொருள். கொடுமணல் அகழாய்வில் பளிங்கு, பெரில், சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்யும் தொழில் பெருமளவில் நடந்ததற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. அரிக்கமேடும் மணி செய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சங்ககால மணித்தொழிலின் பெரும்பகுதி கோக்கும் மணியைச் சார்ந்திருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

குயிற்றுதல் என்ற சொல்லுக்குத் துளையிடல், பதித்தல் என்னும் இரு பொருள்களும் அகராதிகளில் உள்ளன. ஒரு தொழிலின் சொல் அடுத்த தொழிலுக்கும் நீண்டிருப்பதை இது காட்டுகிறது. இதற்கு இணையாகக் கட்டுதல் என்ற சொல்லும் வருகிறது. மாதவியின் கையணியில் வயிரம் கட்டப்பட்டதாகக் கடலாடு காதை கூறுகிறது. கல் கட்டுதல் என்பது பொற்கொல்லரிடையே இன்றும் வழங்கும் சொல். நூலால் பிணைப்பதைக் குறித்த சொல், உலோகத்தால் பிணைப்பதையும் குறிக்கும் அளவுக்குப் பரந்திருக்கிறது.

கல்வெட்டுச் சான்று

கல் கட்டும் முறை எவ்வாறு இருந்தது என்பதற்கு இலக்கியம் விரிவான விடை தருவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அவ்விடத்தை ஓரளவு நிரப்புகின்றன. இறைவனுக்கு வழங்கிய அணிகலன்களில் அமைந்த முத்து, வயிரம், மாணிக்கம் ஆகியவற்றின் எண்ணிக்கையும், அணியின் எடையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனத் துல்லியமாக அவற்றில் பதிவாகியுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணியிழைத்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. அணியின் எடையில் அரக்கும் அடங்கும் என்ற குறிப்பு இவற்றில் கருதத்தக்கது. கல்லின் அடியில் அரக்கு நிரப்பி, அதன்மேல் கல்லை இருத்தி, சுற்றிலும் பொன் விளிம்பால் அணைக்கும் மூடிய கட்டு முறையை இக்குறிப்பு உணர்த்துகிறது. இம்முறையில் கல்லுக்கு அடியிலிருந்து ஒளி வருவதில்லை. மேற்பரப்பின் நிறமே ஒளிர்கிறது. சிவப்பும் பச்சையும் தென்னக அணிகளில் பெற்ற முதன்மைக்கு இச்செய்முறையும் ஒரு காரணமாகலாம்.

ஐரோப்பிய மோதிரங்களிலும் 18ஆம் நூற்றாண்டு வரை மூடிய கட்டே பெருவழக்கு. கல்லின் அடியில் மெல்லிய உலோகத் தகடு வைத்து ஒளி கூட்டினர். அடிப்புறம் திறந்த கட்டு அதன்பின் பரவியது. 1886இல் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆறு கவ்விகள் கொண்ட மோதிரத்தில் கல் வளையத்திற்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்டது. கல் வளையத்தின் பிடியிலிருந்து மெல்ல விடுபட்டு மேலெழுந்த இவ்வரலாற்றின் தொலைவான தொடக்கநிலை ஒன்றைக் கடலாடு காதையில் காண முடிகிறது.

மறுப்புகளும் எல்லையும்

இவ்வாய்வுக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழக்கூடும். நெடுநல்வாடை அரசி அணிகளைக் களைந்தவள். கல் பதித்த மோதிரங்கள் அவளிடம் இருந்து, களையப்பட்டிருக்கலாம். இம்மறுப்பு ஏற்கத்தக்கது. அப்பாடலைக் கொண்டு, அக்காலத்தில் கல் பதித்த மோதிரமே இல்லை என்று கூற இயலாது. கூறக்கூடியது இவ்வளவே: எதைக் களையலாம், எதைக் களைய வேண்டியதில்லை என்ற வேறுபாட்டில், வளைத்த அணி களைய வேண்டாத பக்கத்தில் நின்றது. இரண்டாவது மறுப்பு, பாடல்களின் சூழல் வேறுபாடே அணி வேறுபாட்டிற்குக் காரணம், காலம் அன்று என்பது. சூழல் காரணமாவது உண்மையே. ஆயினும் விளக்கம், மோதிரம் என்ற பெயர் மாற்றத்தைச் சூழல் விளக்காது. செங்கேழ் என்ற அடையின் இடமாற்றத்தையும் அது முழுமையாக விளக்காது.

கலித்தொகை எட்டுத்தொகையுள் காலத்தால் பிற்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. மோதிர வடிவங்களைக் கொண்டு அக்கருத்தை நிறுவுவதோ, அக்கருத்தைக் கொண்டு மோதிர வரலாற்றை நிறுவுவதோ சுழல்வாதமாகும். இங்கு வரிசைப்படுத்தப்பட்டவை செய்முறைகளே. நூல்களின் ஆண்டுகள் அல்ல.

உரையும் அகராதியும்

வேறுபாடுகள் மறைந்ததற்கு உரையாசிரியர்களைக் குறைகூறுவது பொருந்தாது. கல் கட்டிய அணிகள் பெருகிய சோழர் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்த அவர்கள், பழைய வடிவத்தை முடக்கு என்ற தனிப்பெயரோடு காத்தனர். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887இலும், உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இலும், சிலப்பதிகாரப் பதிப்பு 1892இலும் வெளிவந்தபோது, அவ்வுரைகளும் உடன் அச்சேறின. இழப்பு நேர்ந்தது அதன்பின் எழுந்த எளிய உரைகளிலும் அணிகலன் பட்டியல்களிலும்தான். விளக்கம், முடக்கு, தாள்செறி, மணிமோதிரம் என்பன அனைத்தும் மோதிரம் என்ற பொதுச்சொல்லாகச் சுருங்கின. மாணவர் பொதுச்சொல்லின் வழியே பாடலுக்குள் நுழையும்போது, தம் காலத்து நகைக்கடையில் காணும் மோதிரத்தையே அரசியின் விரலிலும் காண்கிறார்.

முடிவுரை

நெடுநல்வாடையின் விளக்கம் வளைத்தலாலும், கலித்தொகையின் மோதிரம் பொறித்தலாலும், கடலாடு காதையின் மணிமோதிரமும் தாள்செறியும் கல் கட்டுதலாலும் உருவானவை. முதலாவதில் அணி உடலோடு ஒன்றுகிறது. இரண்டாவதில் உடலின்மீது உரிமை கொண்டாடுகிறது. மூன்றாவதில் உடலை மறைக்கிறது. மூன்று இடங்களிலும் ஒரு பெண் தலைவனின் பிரிவையோ பரத்தமையையோ ஊடலையோ எதிர்கொள்கிறாள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அரசியிடம் களைய வேண்டாத ஒன்று எஞ்சியிருக்கிறது. கலித்தொகைத் தாய் பிறளொருத்தியின் பொறியைக் காண்கிறாள். மாதவி தன் விரல்கள் மறையும் அளவுக்கு அணிந்தும், அன்று கடற்கரையில் கோவலனை இழக்கிறாள்.

சங்க இலக்கியப் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் விரலணிச் சொற்களுக்குப் பொருள் தரும்போது, முடக்கு மோதிரம், முத்திரை மோதிரம், கல் பதித்த மோதிரம் எனச் செய்முறையோடு சேர்த்துக் குறிப்பது பயன் தரும். தொடி, குழை, சிலம்பு ஆகிய பிற அணிகளுக்கும் இம்முறையை விரிக்கலாம். ஓர் அணி எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிந்த பின்னரே, அது ஒருத்தியின் உடலில் ஏன் இருக்கிறது, அல்லது ஏன் இல்லை, என்பதைப் பாடலிடம் கேட்க முடியும்.